ஒட்டிய பஞ்சர் ஏன் திரும்ப வருகிறது? தருமபுரிச் சைக்கிள்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

தருமபுரி டவுனுக்குள் தினமும் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பழுது என்று கொண்டுவருவதில் பெரும்பங்கு பஞ்சர். அதில் பல, புதுப் பஞ்சரே இல்லை. போன வாரம் ஒட்டியதுதான். ட்யூபை ஒட்டினார்கள், குத்தினது எது என்று யாரும் தேடவில்லை. முள் டயரிலேயே உட்கார்ந்திருக்கிறது, அடுத்த வாரம் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை போடுகிறது. இதைச் சரிபண்ணப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். வரிசையாகப் பார்க்கிற பொறுமை போதும்.

நம் ஊர்ப்பக்கம் டயரைக் குத்துகிறவை பெரும்பாலும் இவைதான்: ஏரிக்கரையிலும் காலி மனையிலும் மண்டிக்கிடக்கும் வேலிகாத்தான், அதாவது சீமைக்கருவேல முள். மழை பெய்து முடிந்ததும் வரப்போரம் தரையோடு படரும் நெருஞ்சி. சேலம்–கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில், வெடித்த லாரி டயரிலிருந்து சிதறிய மெல்லிய கம்பி. அப்புறம் ரோட்டோரத்து பாட்டில் சில்லு. இதில் மோசமானது கம்பிதான். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாது. வண்டி நிற்கும்போது காற்றும் இறங்காது, ஓடும்போது மட்டும் ட்யூபைக் கிள்ளும்.

வீட்டில் இருக்க வேண்டியவை: பம்பு, டயர் லிவர் இரண்டு, உப்புத்தாள், ஒட்டு, அதை ஒட்டும் பசையான சொல்யூஷன், ஆக்ஸில் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பானர், ஒரு சாக்பீஸ். வால்வுக்குள் காற்றை அடைக்கும் மெல்லிய ரப்பர் குழாயான வால்டியூபும் கொஞ்சம் நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். சொல்யூஷன் ட்யூபை ஒருமுறை திறந்துவிட்டால், மூடி வைத்தாலும் சில மாதத்தில் காய்ந்துவிடும். அவசரத்துக்கு எடுக்கும்போதுதான் அது தெரியவரும். அதனால் அவ்வப்போது அமுக்கிப் பாருங்கள்.

## ராத்திரி காற்று இருந்தது, காலையில் தரையோடு கிடக்கிறது

சக்கரத்தில் கை வைக்காதீர்கள். முதலில் வால்வு.

### வால்டியூப் போட்ட வால்வு என்றால்

பழைய கறுப்பு சைக்கிளிலும், 11ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிளிலும் பெரும்பாலும் இந்த வால்வுதான். காற்றை நன்றாக அடித்துவிட்டு வால்வின் வாயில் எச்சிலைத் தொட்டு வையுங்கள். ஒரு நிமிடம் பாருங்கள். குமிழி கிளம்பினால் பஞ்சர் இல்லை, வால்டியூப் போய்விட்டது. சித்திரை வைகாசி வெயிலில் அந்த ரப்பர் சீக்கிரமே பிசுபிசுத்து, உள்ளே இருக்கும் குழலோடு ஒட்டிக்கொண்டு கிழியும். கடையில் மிகக் குறைந்த காசுக்குக் கிடைக்கிற சாமான் இது.

மாற்றுவது எப்படி: வால்வு நட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் சின்னக் குழலை வெளியே இழுங்கள். பழைய ரப்பரை நகத்தால் முழுதும் சுரண்டி எடுங்கள். துணுக்கு ஒட்டியிருந்தால்கூட அந்த இடத்தில் காற்று கசியும். புது வால்டியூபை எச்சிலில் அல்லது தண்ணீரில் நனைத்து, குழலின் பக்கவாட்டில் இருக்கும் ஓட்டையைத் தாண்டி, மேலே தடித்திருக்கும் கழுத்துவரை ஏற்றுங்கள். எண்ணெய் தொட்டு ஏற்றாதீர்கள், ரப்பர் அழுகிவிடும். கீழே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் நறுக்கிவிட்டு, திரும்பச் செருகி நட்டைக் கையால் இறுக்குங்கள்.

### பைக் டயரில் இருப்பதுபோன்ற வால்வு என்றால்

கியர் சைக்கிள்களில் இதுதான் அதிகம். உள்ளே இருக்கும் வால்வு பின் லேசாகத் தளர்ந்திருக்கும். எச்சில் சோதனை இதற்கும் அதேதான். வால்வு பின்னைத் திருகும் சாவி இல்லையென்றால் எந்த பைக் பஞ்சர் கடையிலும் அரை நிமிடத்தில் இறுக்கிக் கொடுப்பார்கள். இறுக்கியும் குமிழி வந்தால் பின்னை மாற்றச் சொல்லுங்கள். மூடியைத் தொலைத்துவிடாதீர்கள், நம் ஊர்ச் செம்மண் தூசி பின்னுக்குள் போனால் மறுபடி கசியும்.

### வால்வில் குமிழி இல்லை

மெதுவாக இறங்கும் பஞ்சர். ட்யூபை வெளியே எடுத்துக் காற்றடித்து, பக்கெட் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிச் சுற்றிவாருங்கள். பழைய ஒட்டு இருக்கும் இடங்களில் நிதானமாக நில்லுங்கள். ஒட்டின் ஓரம் கிளம்பி அங்கேதான் கசியும். தண்ணீரில் ஒன்றுமே வரவில்லை, காற்றும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் குறைகிறது என்றால் அது பழுதே இல்லை. நல்ல ட்யூபிலும் காற்று மெல்லக் குறையும். அடித்துக்கொண்டு ஓட்டுங்கள்.

## ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்கிவிட்டது

உடனே இறங்கிவிடுங்கள். காற்றில்லாத சக்கரத்தில் கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டினால், ஒரு ஒட்டில் முடியவேண்டியது புது ட்யூபில் வந்து நிற்கும். டயரின் பக்கச்சுவரும் வெட்டுப்படும்.

அப்புறம் சக்கரத்தை மெதுவாகச் சுற்றி டயரைக் கண்ணால் பாருங்கள். முள்ளோ ஆணியோ தெரிந்தால் அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். அந்த இடத்தில் டயரின் பக்கச்சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுப் பிடுங்குங்கள். இடம் தெரிந்துவிட்டால் சக்கரத்தைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. அந்த இடத்தில் மட்டும் டயரின் ஒரு ஓரத்தை ரிம்மிலிருந்து நெம்பி, ட்யூபை ஒரு முழம் வெளியே இழுத்து, சக்கரம் வண்டியில் இருக்கும்போதே ஒட்டிவிடலாம். செயின் கவர் போட்ட சைக்கிளின் பின் சக்கரத்துக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அதைக் கழற்றி மாட்டினவர்களுக்குத் தெரியும்.

இடம் தெரியவில்லை, பம்பும் இல்லை என்றால் தள்ளிக்கொண்டே கடைக்குப் போங்கள். நான்கு ரோட்டைச் சுற்றியும் பென்னாகரம் சாலையிலும் இருந்தால் கடை தேடி அலைய வேண்டியிருக்காது. ஊரைத் தாண்டி அதியமான்கோட்டைப் பக்கமோ நல்லம்பள்ளிப் பக்கமோ தினமும் போகிறவர்கள் பையில் ஒரு மாற்று ட்யூபும் கைப்பம்பும் வைத்துக்கொள்வது நல்லது. சாலையோரத்தில் வெயிலில் நின்று ஒட்டுவதைவிட ட்யூபை மாற்றிவிட்டு, பழையதை வீட்டில் நிழலில் உட்கார்ந்து ஒட்டுவது சுலபம்.

## ஒட்டிய மறுநாளே, அல்லது ஒரு வாரத்தில், மறுபடி பஞ்சர்

இந்த வழிமுறையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

டயரை மாட்டும்போதே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: டயரில் கம்பெனி பெயர் அச்சடித்திருக்கும் இடம் எப்போதும் வால்வுக்கு நேராக வரட்டும். ட்யூபைக் கழற்றும்போது எந்தப் பக்கம் வலது என்று சாக்பீஸால் ஒரு குறி. இவ்வளவு செய்துவிட்டால், ட்யூபில் ஓட்டை கிடைத்ததும் வால்விலிருந்து அது எத்தனை சாண் தள்ளி இருக்கிறது என்று அளந்து, டயரிலும் அதே தூரத்தில் தேடலாம். டயர் முழுக்கத் தடவிக்கொண்டிருக்க வேண்டாம்; ஒரு கையகல இடத்தில் தேடினால் போதும். குறி போட மறந்துவிட்டால் வால்வுக்கு இரண்டு பக்கமும் அதே தூரத்தில் பாருங்கள்.

இப்போது ஓட்டை ட்யூபின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். காரணம் அதிலேயே எழுதியிருக்கிறது.

### ஓட்டை வெளிப்பக்கம், டயரைத் தொடும் பக்கம்

முள், கம்பி, சில்லு. டயரின் உள்பக்கம் ஒரு பழைய பருத்தித் துணியைச் சுருட்டி வைத்து, சுற்றிலும் இழுத்து வாருங்கள். முனை இருக்கும் இடத்தில் துணி மாட்டி இழுக்கும். வெறும் விரலால் தடவாதீர்கள். கம்பி விரலில் ஏறும். துணி மாட்டிய இடத்தில் டயரை உள்புறம் வெளியே வரும்படி வளைத்துப் பிடித்தால் முனை துருத்திக்கொண்டு நிற்கும். வேலிகாத்தான் முள் பெரும்பாலும் ரப்பருக்குள்ளேயே ஒடிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். அதை வெளியிலிருந்து நோண்டினால் இன்னும் உள்ளேதான் போகும். உள்ளிருந்து வெளியே ஊசியால் தள்ளி, நகவெட்டியால் பிடித்து இழுங்கள். கம்பிக்கும் நகவெட்டிதான் சரி.

ஒன்று கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். வேலி வெட்டிப்போட்ட வழியாக வந்த டயரில் ஒரு முள் மட்டும் இருக்காது. நெருஞ்சி என்றால் இன்னும் அதிகம் இருக்கும்.

### ஓட்டை உள்பக்கம், ரிம்மைத் தொடும் பக்கம்

குத்தியது சாலை இல்லை, உங்கள் சைக்கிளே. ரிம்மின் நடுவில் போக்ஸ் கம்பிகளின் தலையை மூடி ஒரு பட்டை ஓடும். அது நகர்ந்தோ கிழிந்தோ போயிருக்கும். சில நேரம் கோட்டம் எடுத்தபோது, அதாவது ரிம்மின் வளைவை நேராக்கியபோது, ஒரு போக்ஸ் கம்பி அதை ரிம்மில் இறுக்கும் நிப்பிளைத் தாண்டி நீண்டிருக்கும். பட்டை நகர்ந்திருந்தால் இழுத்து நடுவில் வையுங்கள், கிழிந்திருந்தால் மாற்றுங்கள். பழைய ட்யூபை நீளவாக்கில் நறுக்கி வளையமாகப் போடுவது தற்காலிகத்துக்கு ஓடும், ஆனால் புதுப் பட்டையே மலிவுதான். கம்பி நீண்டிருந்தால் அரத்தால் மட்டமாக ராவவேண்டும். இதற்குக் கடைக்குப் போங்கள், ஐந்து நிமிட வேலை.

### பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்ன வெட்டு

பாம்பு கொத்தினது மாதிரி இருக்கும். காற்று குறைவாக இருக்கும்போது வேகத்தடையிலோ குழியிலோ இடித்து, ட்யூப் ரிம்மின் இரண்டு ஓரத்துக்கும் டயருக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது. முள்ளைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இரண்டு வெட்டையும் சேர்த்து ஒரே பெரிய ஒட்டாகப் போட்டுவிட்டு, காற்றைச் சரியான அளவுக்கு அடியுங்கள். அவ்வளவுதான் மருந்து. கேரியரில் பிள்ளையையோ அரிசி மூட்டையையோ வைத்து ஓட்டுகிறவர்களுக்குப் பின் சக்கரத்தில் இது அடிக்கடி வரும்.

### வால்வின் அடியில் கிழிசல்

ஒட்டுப் போட்டுப் பயனில்லை, அந்த இடம் பிடிக்காது. ட்யூபை மாற்றுங்கள். ஆனால் ஏன் கிழிந்தது என்று கேளுங்கள். காற்றுக் குறைவாக ஓட்டும்போது டயரும் ட்யூபும் ரிம்மின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகரும், வால்வு மட்டும் ஓட்டையில் மாட்டிக்கொண்டு நிற்கும். வால்வு நேராக நிற்காமல் சாய்ந்திருக்கிறதா? அதுதான் முன்னெச்சரிக்கை. காற்றை இறக்கி, டயரைக் கையால் திருப்பி, வால்வை நேராக்கி மறுபடி அடியுங்கள்.

### பழைய ஒட்டே கிளம்பியது

ஒட்டிய விதம் சரியில்லை. வழக்கமாக நடப்பது: சொல்யூஷனைத் தடவின உடனேயே ஒட்டை வைத்து அமுக்கிவிடுவது. ஈரத்தோடு வைத்தால் பிடிக்காது. உப்புத்தாளால் ஒட்டைவிடப் பெரிய வட்டமாகத் தேயுங்கள். ட்யூபின் பளபளப்புப் போய் மங்கலாக வேண்டும். ட்யூபின் நீளத்துக்கு ஒரு தையல்போலக் கோடு ஓடும், அது ஒட்டுக்கு அடியில் வந்தால் அதையும் மட்டமாகத் தேய்த்துவிடுங்கள், இல்லையென்றால் அந்த வரி வழியாகக் காற்று வெளியேறும். தேய்த்த இடத்தை விரலால் தொடாதீர்கள். சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, ஐந்து நிமிடம் விடுங்கள். ஓரத்தில் விரல் முதுகால் தொட்டால் ஒட்டக்கூடாது. அப்போது ஒட்டை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். மேலே சாக்பீஸ் தூளைத் தடவிவிட்டால் டயரோடு ஒட்டிக்கொள்ளாது.

### மாட்டும்போது ஆன ஓட்டை

ஒட்டி, மாட்டி, காற்றடித்ததும் உடனே புஸ்ஸென்று இறங்கினால் பெரும்பாலும் லிவர்தான் கடித்திருக்கிறது. டயரைக் கழற்றத்தான் லிவர். திரும்ப ஏற்றும்போது கடைசிச் சாணைக் கட்டைவிரலால் தள்ளி ஏற்றுங்கள். ட்யூபில் உருண்டு நிற்கும் அளவுக்கு மட்டும் காற்று வைத்துக்கொண்டால் அது மடங்காது. ஏற்றி முடித்ததும் வால்வை ஒருமுறை உள்ளே அமுக்கி விடுங்கள், இரண்டு பக்கமும் டயரை விலக்கி ட்யூப் எங்காவது எட்டிப் பார்க்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். பிறகு முழுக் காற்று.

எப்போது ஒட்டுவதை நிறுத்த வேண்டும்? ஒட்டின் மேல் ஒட்டு விழும் நிலைமை வந்தால், அல்லது ட்யூபை இழுத்துப் பிடித்தால் நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால், ட்யூபை மாற்றிவிடுங்கள். டயரில் நடுப்பகுதி தேய்ந்து உள்நூல் தெரிந்தாலும், பக்கச்சுவரில் வெடிப்போ கிழிசலோ இருந்தாலும் புது ட்யூப் போட்டுப் பயனில்லை. தேய்ந்த டயரில் எந்த முள்ளும் ஏறும்.

## டயரில் ஓர் இடத்தில் புடைப்பு

ஓட்டாதீர்கள். காற்றை இறக்கிவிட்டுப் பாருங்கள். டயரின் ஓரம் ரிம்முக்குள் சரியாக உட்காராமல் இருந்தால் கையால் அமுக்கிச் சுற்றி உட்காரவைத்து மெதுவாகக் காற்றடிக்கலாம். உட்கார்ந்த பிறகும் புடைத்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது. வீடுவரை போய்ச்சேர, உள்ளே பழைய டயர் துண்டு ஒன்றை வைத்துக் குறைந்த காற்றில் மெதுவாக உருட்டலாம். அதற்கப்புறம் புது டயர்தான். முன் சக்கரத்தில் புடைப்பு என்றால் வீடுவரைகூட ஓட்டாதீர்கள், தள்ளிக்கொண்டு போங்கள்.

## மிதிக்கக் கனமாக இருக்கிறது

முதல் சந்தேகம் காற்று. அது சரி என்றால் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிவிடுங்கள்.

சீக்கிரம் நின்றுவிட்டால், பிரேக் கட்டை ரிம்மில் உரசுகிறதா என்று பாருங்கள். ஒரே இடத்தில் மட்டும் உரசினால் ரிம் கோட்டம். சுற்று முழுதும் உரசினால் பிரேக் ஒயரைக் கொஞ்சம் தளர்த்தவேண்டும், அல்லது கட்டை ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும்.

சக்கரம் நன்றாகச் சுற்றுகிறது, மிதித்தால்தான் கனம் என்றால் செயின். கிரீச் என்று சத்தமும் வரும். துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னால் சுற்றித் துடைத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெயையோ சைக்கிள் எண்ணெயையோ ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விடுங்கள். கொஞ்ச நேரம் கழித்து மேலே இருப்பதை நன்றாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் கண்ணிக்குள் இருந்தால் போதும், மேலே இருந்தால் தூசியைப் பிடித்து உப்புத்தாள்போல் அரைக்கும். பைக்கிலிருந்து வடித்த பழைய ஆயில், தேங்காய் எண்ணெய் இரண்டும் வேண்டாம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கனம், கூடவே சக்கரத்தில் கரகரப்பு அல்லது பக்கவாட்டு ஆட்டம் என்றால் சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்குள் இருக்கும் கோன், பால்ஸ் தேய்ந்திருக்கிறது. அது முழுதும் கழற்றிச் சரிபார்க்கும் ஓவராயில் வேலை. கடைக்காரரிடம் விடுங்கள். தள்ளிப் போட்டால் ஹப்பும் சேர்ந்து போகும்.

## செயின் நழுவுகிறது, கழன்று விழுகிறது

கியர் இல்லாத சைக்கிள் என்றால் பெரும்பாலும் செயின் தொய்வு. நடுவில் மேலும் கீழும் அசைத்தால் அரை அங்குலத்துக்கும் முக்கால் அங்குலத்துக்கும் இடையில் ஆடலாம். அதற்குமேல் ஆடினால் பின் சக்கர நட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால் இழுத்து, நேராக இருக்கிறதா என்று பார்த்து இறுக்குங்கள். சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்தால் டயர் போர்க்கில் உரசும்.

இழுக்க இடமே இல்லை, அல்லது மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது டக்கென்று நழுவுகிறது என்றால் செயின் தேய்ந்திருக்கும். பிள்ளைகளின் 12 அங்குல ஸ்கேலை எடுங்கள். செயினை இழுத்துப் பிடித்து ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் நடு சரியாக வரவேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றும் நேரம். மூன்று மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் பின் சக்கரத்தில் செயின் ஓடும் ஃப்ரீவீலின் பல்லும் பெரும்பாலும் தேய்ந்திருக்கும், அப்போது புதுச் செயின் மட்டும் போட்டால் அதுவும் நழுவும். ஃப்ரீவீலைக் கழற்றத் தனிச் சாமான் வேண்டும், கடைதான்.

## பிரேக் பிடிக்கவில்லை, அல்லது கத்துகிறது

இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ரிம்மில் எண்ணெய் பட்டிருந்தால் சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிடுங்கள். செயினுக்கு எண்ணெய் விட்ட அன்று பிரேக் பிடிக்கவில்லை என்றால் காரணம் இதுவேதான். கட்டையின் முகம் கண்ணாடிபோல் பளபளத்தால் உப்புத்தாளில் நாலு தேய்ப்பு. கல், உலோகத் துணுக்கு பதிந்திருந்தால் ஊசியால் எடுங்கள். கட்டையில் உள்ள பள்ளக்கோடுகள் மறைந்துவிட்டால் புதுக்கட்டை மாற்றுங்கள். கட்டை ரிம்மை மட்டும்தான் தொடவேண்டும். மேலே ஏறி டயரைத் தொட்டால் பக்கச்சுவரை அறுக்கும், பிறகு அதுவே ஒரு பஞ்சராக வரும்.

ஒயரில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் அன்றே மாற்றுங்கள்.

இரும்பு ரிம் போட்ட சைக்கிள்களுக்கு மழையில் பிரேக் மிகவும் குறைந்துவிடும். கட்டை எவ்வளவு புதிதாக இருந்தாலும் இதுதான் நிலைமை. ஐப்பசி மழையில் முன்கூட்டியே லேசாகப் பிடித்துப் பிடித்து ரிம்மின் ஈரத்தை வழித்துக்கொண்டு வாருங்கள், இடைவெளியை அதிகம் விடுங்கள். விடுமுறையில் ஒகேனக்கல் போகிற பிள்ளைகள் பென்னாகரம் தாண்டி இறக்கத்தில் இறங்குவதற்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துத் தள்ளிப் பார்க்கவேண்டும். ஒன்று மட்டும் பிடிக்கிறது என்றால் அந்த இறக்கத்தில் இறங்கக் கூடாது.

## பெடல் ஒவ்வொரு சுற்றிலும் டக், டக்

பெடலைக் கையால் ஆட்டிப் பாருங்கள். பெடல் மட்டும் ஆடினால் அதை இறுக்குங்கள். இடது பெடல் மரை தலைகீழ், கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த்திசையில் திருகினால்தான் இறுகும். பெடலைத் தாங்கும் கையான கிராங்கே ஆடினால், பழைய சைக்கிளில் அதை அச்சோடு இறுக்கும் காட்டர் பின் தேய்ந்திருக்கும். சுத்தியலால் தட்டித் தற்காலிகமாக ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள், கிராங்கின் ஓட்டை பெரிதாகி அதையும் மாற்ற நேரும். கடைக்கு.

## சக்கரம் ஆடி ஆடிச் சுற்றுகிறது

போக்ஸ் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கிள்ளிப் பாருங்கள். ஒன்று தொளதொளத்தால் அல்லது அறுந்திருந்தால் அதுதான் காரணம். அறுந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு மெதுவாகக் கடைவரை போங்கள். கோட்டம் எடுப்பதை வீட்டில் கற்றுக்கொள்ளலாம், ஆனால் தினமும் ஓட்டும் வண்டியில் பழகவேண்டாம். நிப்பிளைத் தவறான பக்கம் இரண்டு திருகு திருகினால் ரிம் எட்டுப் போட்டுவிடும்.

## பஞ்சரே வராமல் இருக்க

காற்றுதான் முதல் காவல். டயரின் பக்கச்சுவரில் எவ்வளவு அடிக்கவேண்டும் என்று பி.எஸ்.ஐ. என்ற காற்றழுத்தக் கணக்கில் அச்சடித்திருக்கும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது முழுக் கணக்கு ஆகாது; அழுத்தம் காட்டும் பம்பு ஒன்று தெருவுக்கு ஒன்று இருந்தாலே போதும். வாரம் ஒருமுறை பாருங்கள். பின்னால் சுமை ஏற்றுகிற நாளில் பின் டயரில் அச்சடித்த மேல் அளவுக்குப் பக்கத்தில் வையுங்கள். பெட்ரோல் பங்கில் காற்றடித்தால் சைக்கிள் ட்யூப் நொடியில் நிரம்பிவிடும், அதனால் விட்டு விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கச் சொல்லுங்கள்.

சாலையின் ஓரவிளிம்பில் ஒட்டி ஓட்டாதீர்கள். வண்டிகள் ஒதுக்கித் தள்ளுகிற கம்பி, சில்லு, முள் எல்லாம் அங்கேதான் சேர்கிறது. பின்னால் வருகிற வண்டியைப் பார்த்துக்கொண்டு இரண்டடி உள்ளே வாருங்கள். வேலி வெட்டியிருக்கும் பாதையைத் தாண்டினதும் இறங்கி, டயரை ஒருமுறை சுற்றிப் பார்த்து, தொற்றியிருப்பதை எடுத்துவிடுங்கள். பல முட்கள் முதல் சுற்றிலேயே முழுதும் ஏறுவதில்லை, உருள உருளத்தான் உள்ளே போகின்றன.

டயருக்கும் ட்யூபுக்கும் நடுவில் போடும் பட்டை முள்ளை நன்றாகத் தடுக்கும். அதன் ஓரமும் முனையும் கூராக இருந்தால் அதுவே ட்யூபை அறுக்கும், அதனால் ஓரத்தை உப்புத்தாளால் மழுக்கிப் போடச் சொல்லுங்கள். ட்யூபுக்குள் ஊற்றும், ஓட்டையை அடைக்கும் திரவமான சீலண்ட் முள் ஓட்டைக்கு உதவும், வெட்டுக்கு உதவாது. பிற்பாடு ஒட்டுப் போடும்போது பிசுபிசுப்பைத் துடைக்கிற வேலையும் சேரும். தினமும் முட்பாதையில் போகிறவர்களுக்குப் பட்டைதான் என் யோசனை. அரசு சைக்கிளில் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கும் அதுவே மலிவு.

கடையில் ஒட்டக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "அண்ணா, குத்தினது எதுன்னு எடுத்துக் காட்டுங்க." முள்ளோ கம்பியோ கைக்கு வந்தால் அந்த வேலை முடிந்தது. டயரில் ஒன்றும் இல்லையே என்றால், ட்யூபின் எந்தப் பக்கம் ஓட்டை என்று கேளுங்கள், உள்பக்கம் என்றால் ரிம் பட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள். சக்கரத்தை மாட்டுவதற்கு முன்பே கேட்டால் அவருக்கும் கூடுதல் வேலை இல்லை.